லட்டு என்ற கிடாவின் எடை

லட்டு என்ற கிடா எடை மெஷினில் முப்பத்தொரு கிலோ இருந்தது. மனிதர் முதுகில் ஏறி நின்றால் அந்த எடை செல்லாது. 2023ஆம் வருடம் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவேற்காடு ஏரிக்கரைத் தெருவுக்குப் பின்னால் இருந்த பசும்புல் விலங்குகள் காப்பகத்துக்கு யோகா செய்ய வந்த ஒரு பள்ளித் தாளாளரின் முதுகில் அது ஏறியபோது, முன்னூறு கிலோவுக்குக் குறையாது என்று அவரை இழுத்து வெளியே போட்ட நான்கு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அடுத்த பாயில் நாலு காலில் நின்றிருந்த அவருடைய டிரைவர் மீது அதே கிடா தாவி ஏறியது. பிழிந்த துண்டைப் போட்டமாதிரி இருந்தது என்றார் டிரைவர். காப்பகத்தில் ஆடு மாடுகளைப் பார்த்துக்கொண்ட கெங்கம்மாள் இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டாள். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா, எடை மெஷினுக்கு அடங்கியா நிற்கும்? அன்றைக்கு அவளுக்கு இருந்த கவலையெல்லாம் தவிட்டு மூட்டை மழையில் நனைந்துபோனதுதான்.

கெங்கம்மாளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இப்போது பதினான்கு மாடிக் கட்டடம் நிற்கிற இடத்தில் அவள் பாவாடைச் சிறுமியாக நாற்று நட்டவள். வயல் மனையானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினெட்டு வருடம் பாத்திரம் தேய்த்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அந்தப் பதினான்கு மாடியில் ஏழாவது மாடிக்குக் குடிவந்தவள்தான் அனுசுயா. கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் வேலை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ பள்ளத்தில் விழுந்த நாய், லாரியில் கால் போன கழுதை, கண் தெரியாத எருமை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் ஒரு தோப்பை வாடகைக்குப் பிடித்துக் காப்பகம் ஆக்கினாள். கெங்கம்மாளை வேலைக்கு வைத்துக்கொண்டாள். வேலைக்கு வைத்தவள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. மத்தியானத்தில் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்து, கெங்கம்மாள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவள் ஊற்றிய கருவாட்டுக் குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். மாடி வீட்டிலிருந்து அந்தத் தெருவுக்குள் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தவர்கள் அதற்கு முன் யாரும் கிடையாது.

2022இல் கெங்கம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் அனுசுயா கட்டிலுக்குக் கீழே பேப்பர் விரித்துப் படுத்திருந்தாள், மூத்திரச் சட்டியை எடுத்து ஊற்றினாள், தலை வாரிவிட்டாள். கெங்கம்மாள் அந்த நன்றியை வாயில் வைத்துக்கொண்டே திரிந்தாள். ரேஷன் கடை வரிசையில், கூழ் வார்க்கும் இடத்தில், ஷேர் ஆட்டோவில், "அது என் வவுத்துல பொறக்காத பொண்ணு" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னாள். தெரு அதை நம்பியது, ஏனென்றால் கெங்கம்மாள் அதுவரை யாரைப் பற்றியும் நல்லவிதமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தெருக்கோடி எல்லையம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். குட்டியாக வாங்கி வளர்த்தது ஆடியில் கிடாவாக நின்றது, வெட்ட மனசு வரவில்லை. இங்கே கொடுத்துவிடுங்கள், கடைசிவரை கத்தி படாமல் வைத்துக்கொள்கிறேன் என்றாள் அனுசுயா. அதை அம்மனிடம் கேட்க வேண்டும். அந்தத் தெருவில் கேட்கும் முறை ஒன்றுதான். அம்மன் எதிரே விலங்கை நிறுத்தி, என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி, தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். உதறாவிட்டால் நாள் முழுக்க ஆனாலும் தொடக்கூடாது. மனிதன் போடும் கையெழுத்தைவிட இது பெரிது என்பது அவர்கள் கட்சி. கிடா உதறியது. அனுசுயா ஏதோ ஒரு அச்சடித்த பாரத்தை நீட்டி, இன்னார் ஒப்படைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது கெங்கம்மாள் சிரித்துவிட்டாள். "அம்மனே உத்தரவு குட்த்துட்ச்சி. காயிதம் இன்னாத்துக்கு அனும்மா?" அனுசுயா பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், கிடாவுக்கு லட்டு என்று பேர் வைத்தாள். நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைக்கிற வழக்கம் தெருவில் இல்லை. சின்னப் பெண் ஆசைப்படுகிறது என்று விட்டுவிட்டார்கள்.

தீவனம் விற்ற விலையில் காப்பகம் தள்ளாடியபோதுதான் யோகா வந்தது. ரோஷினி என்று ஒரு டீச்சர் ஆவடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஞாயிறு காலை ஆறரைக்கு வகுப்பு எடுத்தாள். மாடி வீடுகளிலிருந்து வந்தவர்கள் வரிசையாக நாலு காலில் நிற்பார்கள், ஆடுகள் அவர்கள் முதுகில் ஏறி விளையாடும், கன்றுக்குட்டி காதை நக்கும், எல்லோரும் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் வருவது அடிபட்ட ஜீவன்களுக்கு. கெங்கம்மாளுக்குப் பாய் விரிப்பதும் புழுக்கை அள்ளுவதும் வேலை. குனிந்து நிமிர்வதற்குப் போய்க் கட்டணம் கட்டுகிறார்களே என்று அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தாளாளர் விழுந்தது இந்த வகுப்பில்தான்.

எடையின் சூட்சுமம் அபிஷேக் என்ற பையனால் தெரியவந்தது. முதல் ஞாயிறு அவன்மேல் கிடா தொண்ணூறு கிலோ கனத்தது. அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போய், தனக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிக் கோயம்பேடு மெட்ரோ ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி அழுதான். அடுத்த ஞாயிறு கிடா அவன் முதுகில் நின்றதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நம்பியவர்களிடம் மறைத்த அளவுக்குத்தான் கிடா கனக்கிறது என்று ஆயிற்று. பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? மாங்காட்டிலிருந்தும் ஐயப்பன்தாங்கலிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து பாயில் மண்டியிடச் சொன்னார்கள். அந்த வருடம் ஏழு கல்யாணம் நின்றது, இரண்டு நடந்தது. வார்டு அரசியல்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை ரோடு பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். காப்பகத்துக்குப் புதுக் கொட்டகை வந்தது, கழுதைக்கு மரக்கால் வந்தது.

அனுசுயா மட்டும் கிடாவுக்கு அடியில் போகவில்லை. முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது என்றாள். கெங்கம்மாள் அதை மறுவார்த்தை இல்லாமல் நம்பி, கைநமைச்சலைப் பார்க்காமல் பிரண்டையை நறுக்கித் துவையல் அரைத்து வாராவாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு அடுத்த வருடம் சித்திரையில் யூடியூப்காரர்கள் கேமராவோடு வந்து, எல்லாரையும் நிறுத்திப் பார்க்கிறீர்களே, நீங்கள் நிற்பீர்களா என்று அனுசுயாவைக் கேட்டார்கள். டிஸ்க் சரியாகிவிட்டது போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே பாயில் நாலு காலில் நின்றாள். ஏரிக்கரைத் தெருவே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. லட்டு தாவி ஏறி, அவள் முதுகின் நடுவில் நின்று அசைபோட்டது. ஒரு நிமிஷம் ஆயிற்று. அனுசுயா தலையைத் திருப்பி, "ஏறிடுச்சுங்களா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியவே இல்லை. முதுகில் இருந்த பருத்திச் சட்டைகூடக் கசங்கவில்லை. அபிஷேக்குக்கே கொஞ்சம் பாரம் இருந்தது, இவளுக்கு ஒரு கொசு உட்கார்ந்த அளவுகூட இல்லை. கெங்கம்மாள் உள்ளே ஓடி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கண்ணீர் நிற்கவில்லை. தான் பெற்றிருந்தால்கூட இவ்வளவு பெருமை இருந்திருக்காது என்று நினைத்தாள்.

அந்த ஆடியில் தெரு திறந்துகொண்டது. நேர்ந்துவிட்ட கிடாக்களை வெட்ட மனமில்லாமலும் வைத்துக்கொள்ள இடமில்லாமலும் இருந்தவர்களிடம் கெங்கம்மாள் வீடுவீடாகப் போனாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் உலகநாதன், மகள் யுவராணிக்கு டெங்கு வந்தபோது நேர்ந்துகொண்ட இரண்டு கிடாக்களை வைத்திருந்தான், தரத் தயங்கினான். "அவ முதுவுல கிடாவே கனக்கல. இன்னும் இன்னாடா ஓணும் உனுக்கு? நான் சொல்றேன், குடு" என்றாள் கெங்கம்மாள். கொடுத்தான். வேம்புலியம்மாள் என்ற ஒண்டிக்கட்டையிடம் கறவை வற்றிய பசு ஒன்று, வலது கொம்பு வளைந்தது, இருந்தது. அது நேர்த்தி எதுவும் இல்லை, அவளுக்குத் துணை. ரோட்டில் மேய்ந்தால் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பயத்தில் அதையும் கொடுத்தாள். பதினோரு கிடா, நாலு மாடு. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றியது கெங்கம்மாளின் கை. காப்பகத்துக்குப் போகிறாய், கத்தி படாது என்று அம்மன் காதுபட ஒவ்வொன்றிடமும் சொன்னாள். எல்லாம் உதறின.

ஐப்பசியிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் பெரிய பண்ணை ஒன்று கிடைத்திருக்கிறது, அங்கே அனுப்புகிறோம் என்றாள் அனுசுயா. கெங்கம்மாளின் போனுக்குப் படம் அனுப்பினாள். பச்சைப் புல், வாய்க்கால், தூரத்தில் மேயும் மாடுகள். கெங்கம்மாள் அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். ஒவ்வொருவரும் படத்தை விரலால் பெரிதாக்கி, தூரத்துப் புள்ளியில் தன்னுடையதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் வேம்புலியம்மாள் ஒரு ஆசையைச் சொன்னாள். மாட்டுப் பொங்கலுக்கு அந்தப் பசுவின் கொம்புக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும், பஸ் ஏறிப் போய் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அதிலென்ன, விலாசம் வாங்கிவருகிறேன் என்று கெங்கம்மாள் போகிப் பண்டிகை காலையில் காப்பகத்துக்குப் போனாள். அனுசுயா தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நாலு காலில் நின்றிருந்தாள், லட்டு அவள் முதுகில் நின்றிருந்தது. கேமரா வந்துபோனதிலிருந்து அது தினப்படி வழக்கமாகியிருந்தது. கெங்கம்மாள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விலாசத்தைக் கேட்டாள்.

"பண்ணைன்னு எதும் இல்லீங்க்கா. யாவாரிகிட்டக் குடுத்துட்டேன்" என்றாள் அனுசுயா.

அவள் குரல் தணியவில்லை, உயரவில்லை. முதுகில் கிடா நின்றபடியே ஒரு கையைத் தூக்கி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"இன்னா அனும்மா சொல்ற? அத்தினியுமா?"

"நல்லா இருக்கறதை மட்டுந்தானுங்க்கா. அடிபட்டது, கண்ணு தெரியாததுன்னு முப்பது உசுரு இருக்குது, அதுகளுக்குத் தீனி வேணுமில்லீங்களா? அந்தக் கிடாயெல்லாம் எப்படியும் வெட்டறதுக்குத்தான வளர்த்தாங்க. நம்மகிட்ட நாலு மாசம் சேர்த்து உசுரோட இருந்துச்சு."

"வேம்புலி பசு?"

"மடி வத்துன மாடுங்க்கா."

"அப்போ அந்த போட்டோ?"

"நெட்டுல எடுத்தது. நீங்கல்லாம் மனசு கஷ்டப்படக் கூடாதில்லீங்களா. கொழந்தைங்களுக்குச் சொல்ற மாதிரித்தான்."

கெங்கம்மாள் கிடாவைப் பார்த்தாள். இப்போதாவது கனக்கும், இவள் கை மடங்கும், முகம் பாயில் முட்டும் என்று காத்திருந்தாள். கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது. அனுசுயா முதுகை வளைத்து மூச்சை இழுத்துவிட்டாள். "எங்கைல ஏன் மறைச்சே?" என்று கெங்கம்மாள் கேட்டபோது, அனுசுயா நிஜமாகவே யோசித்தாள். மறைக்கவில்லையே அக்கா, உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்றாள். அதில் பொய் இல்லை. கெங்கம்மாளுக்கு அப்போது விளங்கியது. யாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு அந்தப் பெண்ணின் மனதில் உண்டு, அந்தக் கணக்கில் ஏரிக்கரைத் தெரு இல்லை. பதினொரு நாள் மூத்திரச் சட்டி எடுத்தாளே, அதுவும் பொய் இல்லை. கண் தெரியாத எருமைக்கும் அவள் அப்படித்தான் எடுத்தாள்.  கெங்கம்மாளுக்கு, எடுத்துப்போட்ட கர்ப்பப்பை இருந்த இடம் மூன்று வருடத்துக்கு அப்புறம் அன்றைக்கு வலித்தது.

வழக்கம்போலப் பக்கத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டக் குனிந்தாள். லட்டு அனுசுயாவின் முதுகிலிருந்து தாவி இவள் முதுகில் இறங்கியது. அதுவரை கெங்கம்மாள் மீது அது ஏறியதில்லை. ஏறியதும் அவள் முட்டி இரண்டும் மண்ணில் புதைந்தன. நெல்மூட்டை தூக்கியிருக்கிறாள், கேன்டீனில் அண்டா தூக்கியிருக்கிறாள், புருஷனைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாலும் இவ்வளவு வராது. மறைத்தது அவள் இல்லைதான். ஆனால் தெருவுக்குத் தெரியாத ஒன்று அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குத் தெரியும், கிடா அதை மட்டும்தான் பார்த்தது. தெருவிடம் சொன்னால் தெருவே போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கு வேறு ஆள் கிடையாது. இருந்தாலும் சுமையோடு எழுந்திருப்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுந்தாள். "லட்டுவ எங்கீங்க்கா கூட்டிட்டுப் போறீங்க? பதினோரு மணிக்கு இன்னொரு பேட்ச் இருக்குது" என்று பின்னால் அனுசுயா கூப்பிட்டாள். கெங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் போட்ட சிமென்ட் ரோட்டில் அவள் கால் கணுக்கால் வரை இறங்கியது. ரேஷன் கடை முன்னால் அந்தத் தடங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, இரண்டு தடவை பூசியும் பூச்சு நிற்கவில்லை. முதல் வீடு உலகநாதன் வீடு. வாசலில் நின்று, வித்துட்டா, எல்லாத்தயும் வித்துட்டா என்று சொன்னாள். அவன் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டான்.

"நீ சொன்னேன்னுதானே க்கா குட்த்தேன்" என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த வீட்டில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அதற்கடுத்த வீட்டில், உனக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ஒரு வீட்டையும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடா இளைத்தது, ரோட்டில் பதிந்த தடமும் போகப் போக ஆழம் குறைந்தது. கடைசியாக வேம்புலியம்மாள் வீடு. அவள் கொம்புக்கு வைக்க மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஏசவில்லை.

"பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான் அது நடக்கும். வண்டில ஏத்தசொல்லோ யாராச்சும் பேர் சொல்லிக் கூப்ட்டாங்களாமா?"

"தெர்ல வேம்புலி."

அம்மணி என்பது அந்தப் பசுவின் பேர்.  வேம்புலியம்மாள், குழைத்ததை வீணாக்குவானேன் என்பதுபோல எழுந்துவந்து, கெங்கம்மாளின் முதுகில் நின்ற கிடாவின் கொம்பில் மஞ்சளைப் பூசிவிட்டு உள்ளே போனாள்.

தெருக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஒப்படைத்ததற்கு அத்தாட்சி என்ன என்று எழுத்தர் கேட்டார். தண்ணீர் ஊற்றினோம், உதறியது என்றார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மாசியில் அனுசுயா காப்பகத்தைக் காலி செய்துகொண்டு, அடிபட்ட முப்பது ஜீவன்களையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். அங்கே அவை நன்றாகவே இருக்கின்றன என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

லட்டு இறங்கவில்லை. கெங்கம்மாள் படுக்கும்போது இறங்கிப் பக்கத்தில் படுக்கும், எழுந்ததும் ஏறிக்கொள்ளும். கனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்ட புடவை அளவுக்கு இருந்தது. கரையான்சாவடியில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. பஸ்ஸில் புதுக் கண்டக்டர் யாராவது கிடாவுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டால், அது அந்தம்மா மேலயே கீது, உடு நைனா என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு மழைநாளில் உலகநாதன் ஆட்டோவை அவள் பக்கத்தில் நிறுத்தி, ஏறு என்றான். அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிடா நனையாமல் இருக்கத் திரையை இழுத்துவிட்டான்.

போன மாதம், பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கெங்கம்மாள் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. அனுசுயா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எளைச்சுட்டீங்களேக்கா. சத்து மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்றாள். லட்டுவைக் கொஞ்சி, பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினாள். கிடா வாங்கித் தின்றது. கெங்கம்மாள் கையை விடுவித்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அன்று சாயங்காலமே தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். பார்த்தேன், கையைப் பிடித்தாள், நான் வாயே திறக்கவில்லை. திட்டியிருக்க வேண்டும் என்றார்கள், ஆமாம் என்றாள். அந்தக் குரல் அக்கா என்று கூப்பிட்டதும் ஒரு நொடி தனக்கு வயிறு குளிர்ந்துபோனதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கிடா ஒரு மூன்று கிலோ கூடுதலாகக் கனக்கிறது. முந்தானையை நாலாக மடித்துத் தோளுக்குக் கொடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறாள்.